நடந்ததை வெட்டலாமா?

பழைய கல்யாண டிவிடியைக் கொண்டுவந்து, "இதைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுங்கள்" என்று கேட்பவர்கள்தான் இப்போது என் கடைக்கு அதிகம். புதுக் கல்யாணங்களுக்கு டிரோன், ரீல்ஸ் என்று இளவட்டங்கள் வந்துவிட்டார்கள். நாங்கள் போடியிலிருந்து முந்தல் தாண்டி, கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி, போடிமெட்டு, பூப்பாறை, சாந்தன்பாறை வரைக்கும் ஏலத்தோட்ட ஜீப்பிலேயே கேமராவைத் தூக்கிக்கொண்டு போன தலைமுறை. அன்றைக்கு நாங்கள் ரைட் பண்ணிக் கொடுத்த டிஸ்குகள் இப்போது ஒவ்வொன்றாக மலையிறங்கி வருகின்றன. வீட்டில் இருந்த பிளேயர் எடைக்குப் போயிருக்கும். புது லேப்டாப்பில் டிஸ்க் போட வழியே கிடையாது.

பாதிப்பேருக்கு ஏற்றிக் கொடுத்தால் போதும். மீதிப்பேர் கொஞ்சம் தயங்கி நின்றுவிட்டுத்தான் சொல்வார்கள். தோட்டத்துப் பாகப்பிரிவினையில் முறைத்துக்கொண்ட சித்தப்பாவை எடுத்துவிட வேண்டும். பந்திக்குப் பின்னால் தள்ளாடிக்கொண்டு ஆடுகிற தன்னையே எடுத்துவிட வேண்டும் என்று ஒருவர். விட்டுப்போன புருஷனை எடுத்துவிட வேண்டும் என்று ஒரு பெண். கேட்கிறவர்களுக்கு இது கத்தரிக்கோல் வேலை. எனக்கு இதில் ஒரு சமயக் கேள்வியே இருக்கிறது: நடந்த ஒன்றை நடக்காததாக்க யாருக்கு அதிகாரம்?

இதைப் பேச வேண்டுமானால் டிவிடிக்குள் படம் எப்படி இருக்கிறது என்று முதலில் சொல்ல வேண்டும். நம் நாட்டுப் பால் (PAL) முறையில் நொடிக்கு 25 ஃப்ரேம். ஒவ்வொன்றும் 720-க்கு 576 புள்ளி. இதை அமுக்காமல் அப்படியே வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 75 ஜி.பி. பிடிக்கும். டிஸ்கில் இருக்கும் இடமோ 4.7 ஜி.பி.தான். அதற்குள் மாப்பிள்ளை அழைப்பு முதல் மறுவீடு வரை இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறது என்றால், எம்பெக்-2 என்கிற முறை ஒரு தந்திரம் செய்கிறது. அது எல்லா ஃப்ரேமையும் படமாக வைப்பதில்லை. வழக்கமாகப் பன்னிரண்டுக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் பதினைந்துக்கு ஒன்றுதான் முழுப்படம். இடையில் இருப்பவை வெறும் குறிப்புகள்: முந்தைய படத்தில் இருந்த இந்தத் துண்டு இவ்வளவு தூரம் வலதுபக்கம் நகர்ந்தது, இந்த மூலை கொஞ்சம் வெளிறியது, மற்றதெல்லாம் பழையபடியே. சில குறிப்புகள் இன்னும் விசித்திரமானவை. அவை முந்தைய படத்தை மட்டுமல்ல, இனி வரப்போகும் படத்தையும் சார்ந்திருக்கும். அதனால் டிஸ்கில் பின்னால் தெரிய வேண்டிய ஃப்ரேமை முன்னால் எழுதி வைத்திருப்பார்கள். பிளேயர் அதைப் படித்து வைத்துக்கொண்டுதான் நடுவில் உள்ளதை வரைந்து காட்டுகிறது.

ஆக, தாலி கட்டும் அந்தக் கணத்தை மட்டும் டிஸ்கிலிருந்து பெயர்த்தெடுக்க முடியாது. பெரும்பாலும் அந்தக் கணம் அங்கே முழுசாக இல்லவே இல்லை. அதற்கு முன்னால் கால் நொடி, பின்னால் கால் நொடி என்று அக்கம்பக்கத்தில் கடன் வாங்கித்தான் அது படமாக நிற்கிறது.

தேனியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கும் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். பிற சமயக் கொள்கைகளைச் சொல்லி மறுக்கும் பரபக்கம் நடத்தும்போது பௌத்தரின் கணபங்க வாதம் வந்தது. எந்தப் பொருளும் ஒரு கணத்துக்கு மேல் நிற்பதில்லை; அடுத்த கணத்தில் இருப்பது முந்தையதால் விளைந்த வேறொன்று; 'இவர் அதே ஆள்' என்று நாம் சொல்வது அறுபடாமல் போகும் ஒரு தொடரைத்தான், அதற்குச் சந்தானம் என்று பெயர். எங்கள் ஆசிரியர் இதைச் சொன்னபோது வகுப்பில் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. நாள் முழுக்க என் திரையில் நான் பார்ப்பது அதுதானே. மணிமேகலைக்கு அறவண அடிகள் சொல்லும் பன்னிரண்டு நிதானங்களும் ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றுவதைத்தான் சொல்கின்றன. தனியாக எதுவும் நிற்பதில்லை என்ற கட்சிக்கு டிவிடியைவிடக் கண்கூடான சாட்சி கிடைக்காது என்று தோன்றியது.

வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்டது இதுதான்: "நகர்ந்த துண்டை மட்டும் குறித்து வைத்திருக்கிறது என்றால், எங்கிருந்து நகர்ந்தது என்று தெரிந்த ஒருத்தர் வேண்டாமா? அதை யார் வைத்திருக்கிறார்?" பிளேயரின் மெமரி வைத்திருக்கிறது என்றேன். "அந்த மெமரிக்குத்தான் நாங்கள் ஆன்மா என்று பேர் வைத்தோம்" என்றார். முந்தையதை நினைவில் வைத்து, இப்போதையதோடு பொருத்திப் பார்க்க நிலையான ஒரு அறிவு இல்லையென்றால், வித்தியாசம் என்ற ஒன்றே யாருக்கும் தெரிய வராது. செய்தவன் ஒருவன், பலனை அனுபவிப்பவன் வேறொருவன் என்று ஆகிவிடும். வினைக்கே அர்த்தம் இருக்காது. பௌத்தரை மறுத்த சைவர்கள் பிடித்த பிடி இது.

பௌத்தரும் விடமாட்டார். அந்த மெமரியையும் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் அழித்துத்தானே எழுதுகிறார்கள் என்பார். அது உண்மைதான். இருவருக்கும் நடுவில் சமணர் வருவார்: ஒருவகையில் நிற்கிறது, ஒருவகையில் அழிகிறது, இரண்டையும் சொன்னால்தான் முழு உண்மை. பௌத்தக் குண்டலகேசிக்கு மறுப்பாகச் சமணர் எழுதிய நீலகேசி இப்படிப்பட்ட வாதங்களால் ஆனதுதான். அந்தச் சமணர் எங்கள் பக்கத்துக்காரர்களும்கூட. உத்தமபாளையத்தில் கருப்பணசாமி கோயில் பாறையில் தீர்த்தங்கரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், வட்டெழுத்தும் இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கும்பிட வந்த சனம் அந்த உருவங்களைக் கொத்தி எறிந்துவிட்டுக் கருப்பணசாமிக்கு இடம் பிடிக்கவில்லை. பழையது பாட்டுக்கு மேலே இருக்க, புதுச்சாமி கீழே வந்து நின்றுகொண்டார். பிறகு சொல்லப்போவதற்கு இது எனக்கு வேண்டியிருக்கிறது.

இனி வெட்டுகிற வேலைக்கு வருகிறேன். எடுத்தவுடன் வெட்ட முடியாது. டிஸ்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். மலை வீடுகளில் மழைக்காலம் முழுக்க ஈரம். பிளாஸ்டிக் கவரோடு ஒட்டிப்போய்ப் பூசணம் பூத்திருக்கும். மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புப் பக்கம் நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கக் கூடாது. ரைட் பண்ணிய டிஸ்கில் படம் பதிந்திருப்பது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் சூடும் பட்டால் அது வெளுத்துவிடும். பிறகு உள்ளே இருக்கும் வீடியோ டிஎஸ் ஃபோல்டரை அப்படியே கம்ப்யூட்டரில் இறக்க வேண்டும். அதில் படம் விஓபி என்ற கோப்புகளாக, ஒரு ஜி.பி.க்கு ஒன்றாகத் துண்டுபட்டிருக்கும். அவற்றைத் தனித்தனியாக எடிட்டிங்கில் இழுத்துப் போட்டால் துண்டு முடியும் இடத்தில் படம் தவறும், சத்தம் உதட்டோடு ஒட்டாது. முதலில் ஒன்றாகக் கோக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மாற்றம்: ஒவ்வொரு ஃப்ரேமும் தன் காலிலேயே நிற்கும் வேறொரு வடிவத்துக்கு, எடியஸில் வேலை செய்பவர்கள் எச்க்யூ என்பார்கள், ஆப்பிள்காரர்கள் புரோரெஸ் என்பார்கள், அதற்கு மாற்ற வேண்டும். இப்போது எந்த இடத்தில் கத்தி வைத்தாலும் வெட்டும்.

கோப்பு பல மடங்கு ஊதிவிடும். வாடிக்கையாளர் அதைப் பார்த்து, "கிளாரிட்டி கூடிருச்சா?" என்று சந்தோஷமாகக் கேட்பார். கூடாது. டிஸ்க் அமுக்கும்போது தூக்கிப்போட்டது போனதுதான். இப்போது கூடியிருப்பது எடை. இதுவரை குறிப்பாக இருந்த ஒவ்வொரு கணத்துக்கும் தனி உடம்பு கொடுத்திருக்கிறோம், அவ்வளவுதான். அக்கம்பக்கத்தைச் சார்ந்தே இருந்த ஒன்றை, யாரையும் சாராமல் நிற்பதாக ஆக்கியிருக்கிறோம். வெட்ட வேண்டும் என்றால் இந்தப் பாவனை தேவை.

இதை மிஷின் மட்டும் செய்வதில்லை. அண்ணன் தம்பி பேசிக்கொள்ளாமல் போன வீடுகளில், "அன்றைக்குப் பந்தலில் வைத்து அவன் கேட்ட ஒரு வார்த்தை" என்று ஒன்றை வைத்திருப்பார்கள். அதற்கு முன்னால் தாங்கள் என்ன சொன்னோம், பின்னால் அவன் எப்படி நின்றான் என்பதெல்லாம் உதிர்ந்துபோய், அந்த ஒரு கணம் மட்டும் முழுப்படமாகிச் சாகும்வரை ஓடும். கோபம் நல்ல எடிட்டர்.

சென்ற வருஷம் மலையிலிருந்து ஒரு பெண் வந்தார். 2007-ல் போடியில் நடந்த கல்யாணம். புருஷனோடு வாழ்க்கை அமையவில்லை, கோர்ட்டில் முடிந்துவிட்டது. அப்பா கொரோனாக் காலத்தில் போய்விட்டார். அப்பாவின் அசையும் படம் என்று உலகத்தில் இருப்பது இந்தக் கல்யாண டிஸ்க் ஒன்றுதான். "அண்ணே, எங்கப்பா மட்டும் வேணும். அந்தாளு ஒரு இடத்துலகூடத் தெரியக் கூடாது. பையன் பார்ப்பான்" என்றார். பையனுக்குப் பதினைந்து வயது. அந்த ஆள் அவனுக்கு அப்பா.

படத்தை மாற்றிவிட்டு, அவரை உட்கார வைத்தே ஓட்டினேன். மேடையில் அப்பாவைப் பிரிக்க முடியவில்லை. தாரை வார்க்கும் இடத்தில் பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைக்கிறார். நிறுத்திப் பார்த்தால் அப்பாவின் விரல்கள் கோடு கோடாகப் பிளந்து தெரிகின்றன. பழைய கேமராவில் ஒரு ஃப்ரேம் என்பதே நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியில் எடுத்த இரண்டு பாதிப் படங்களின் பின்னல். ஒற்றைப்படை வரிகள் ஒரு நேரம், இரட்டைப்படை வரிகள் இன்னொரு நேரம். ஆடாமல் இருப்பது ஒட்டிக்கொள்ளும், அசைவது பிரிந்து நிற்கும். மாப்பிள்ளையின் கை அசையாமல் தெளிவாக இருக்கிறது. கொடுக்கிற கைதான் இரண்டு காலத்தில் இருக்கிறது.

ஆனால் அப்பா மேடைக்கு வெளியில்தான் அதிகம் இருந்தார். சாந்தன்பாறைப் பக்கம் குத்தகைத் தோட்டம் வைத்திருந்தவர். சமையல் கட்டில் பாயசத்துக்கு வைத்திருந்த ஏலக்காயில் ஒன்றை எடுத்து, நகத்தால் பிளந்து, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறார். முகம் சுளிக்கிறது. தவசிப்பிள்ளையிடம் என்னவோ சொல்கிறார். மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுக்கிறார். என்ன சொன்னார் என்று கேட்காது. அந்தக் காலத்தில் கல்யாண டிவிடி என்றால் முழுக்க சினிமாப் பாட்டை ஊற்றிவிடுவோம். பேச்சுச் சத்தம் அடியோடு போய்விடும். பாட்டு மாறும் இடைவெளியில் மட்டும் அவர் குரல் இரண்டு மூன்று வார்த்தை கிடைத்தது. பின்னால் ரயில் ஊதுகிற சத்தமும் இருந்தது. மீட்டர் கேஜ் வண்டி போடிக்கு வந்துகொண்டிருந்த காலம்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த டிஸ்கும் நடந்தது அல்ல. நாலைந்து மணி நேர டேப்பை ஒருத்தர் இரண்டு மணி நேரமாக வெட்டி, பாட்டுப் போட்டு, டேப்பின் மேல் அடுத்த கல்யாணத்தை எடுத்துவிட்டார். தொழிலில் அதுதான் வழக்கம். சித்தாந்தத்தில் உண்மையை அறிய மூன்று அளவை சொல்வார்கள்: காண்டல், கருதல், உரை. வீடியோவைக் காண்டல் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உள்ளே போய்ப் பார்த்தால் பன்னிரண்டில் பதினொன்று கருதல், மொத்தமும் ஒருவர் தொகுத்துச் சொன்ன உரை. அது ஒரு சாட்சி. சாட்சியை நம்பலாம், மறுக்கலாம். ஆனால் சாட்சிதான் நடந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்பா இருக்கும் இடங்களைத் தொகுத்துக் கொடுத்தேன். பார்த்துவிட்டு அந்தப் பெண், "டிஸ்கை உடைச்சுப் போட்டுருங்கண்ணே" என்றார். "வேண்டாம் தங்கச்சி" என்றேன். "என் கல்யாணம்தானே?"

"ஒங்க கல்யாணந்தான். ஒங்களோடது மட்டும் இல்லையே."

அவர் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி என்னிடம் தங்கிவிட்டது. அவருக்கு உரிமை இல்லையா? பட்டவர் அவர்.

நடந்ததை நடக்காததாக்கக் கடவுளாலும் ஆகுமா என்ற கேள்வி ரொம்பப் பழசு. போனதைப் பற்றி யாரும் ஆலோசிப்பதில்லை, ஏனென்றால் அதை மாற்ற வழியில்லை என்பது அரிஸ்டாட்டில் கட்சி. 11-ஆம் நூற்றாண்டில் பீட்டர் டேமியன் என்ற இத்தாலியத் துறவி கடவுளின் வல்லமைக்கு இதனால் குறை வருமா என்று நீண்ட கடிதமே எழுதினார். நம் ஊரில் கேள்வி வேறு மாதிரி எழுந்தது. இங்கே யாரும் கடவுளிடம் நேற்றை மாற்றச் சொல்லவில்லை. நேற்றின் பிடியிலிருந்து விடுவிக்கச் சொன்னார்கள். மெய்கண்டார் வழிவந்த சித்தாந்தம் இதற்குச் சொல்லும் விடையை வகுப்பில் முதன்முதலில் கேட்டபோது எனக்குச் சப்பென்று இருந்தது. உயிரை மறைத்து நிற்கும் ஆணவ மலம் அநாதி. முத்தியிலும் அது அழிவதில்லை. அதன் சக்தி மட்டும் அடங்கிவிடுகிறது. இவ்வளவு பாடுபட்டும் அழியாது என்றால் என்ன பிரயோசனம் என்று நினைத்தேன். இப்போது அந்த விடைதான் காரியத்துக்கு உதவுகிறது. இருப்பதை இல்லையென்று ஆக்க வேண்டியதில்லை. அது இருந்தபடி இருக்க, நம்மை ஆட்டுவிக்கும் வலு அதற்கு இல்லாமல் போனால் போதும்.

அப்படிப் பார்த்தால் வெட்டுவதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, வலுவை அடக்குவதற்கான வெட்டு. அப்பாவைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஆளையும் பார்த்துத் தீர வேண்டும் என்ற நிலையிலிருந்து ஒரு பெண்ணை விடுவிப்பது. அதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. அது தொகுப்பு, கோயிலில் பிராகாரம் சுற்றுகிறவர் தனக்கு வேண்டிய சந்நிதியில் அதிக நேரம் நிற்பதை யார் தடுக்க முடியும்? இன்னொன்று, இன்னொருவரை ஏமாற்றுவதற்கான வெட்டு. சோதனை சுலபமானது: வெட்டியதைப் பார்ப்பவர் பொய்யான ஒன்றை நம்புவாரா? 'அப்பா' என்று தலைப்புப் போட்டுப் பாயசக் காட்சியைக் காட்டினால், யாரும் எதையும் தப்பாக நம்பப்போவதில்லை. 'கல்யாணம்' என்று தலைப்புப் போட்டு மாப்பிள்ளையை எடுத்துவிட்டால், மாலையும் கழுத்துமாகப் பெண் மட்டும் மணவறையைச் சுற்றிவரும். அதைப் பார்த்து வளரும் பையனுக்கு நாம் ஒரு பொய்யை ஊட்டுகிறோம்.

டிஸ்கை உடைப்பதற்கும் இதையே வைத்துப் பார்க்கிறேன். உடைப்பதால் நடந்ததற்கு ஒன்றும் ஆகாது. அது யார் கைக்கும் எட்டாத இடத்தில் இருக்கிறது. போவது சாட்சி. அந்தச் சாட்சி பின்னால் யாருக்குத் தேவைப்படும் என்று இன்று கேட்டவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இருபத்தைந்து வயதில் அந்தப் பையன் தன் அப்பாவின் முகத்தைத் தேடலாம், தேடாமலும் போகலாம். பின்னால் வரும் ஃப்ரேம் தெரிந்தால்தான் நடுவில் உள்ள ஃப்ரேம் விளங்கும் என்று டிஸ்கே சொல்கிறதே. 2007-ல் அந்த ஏலக்காய்க் காட்சி யாருக்கும் ஒரு பொருட்டாக இருந்திருக்காது. எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று அன்றே கேட்டிருந்தால் முதலில் போயிருப்பது அதுதான்.

மதுரை–போடி பாதையை அகலமாக்க 2010 முடிவோடு மீட்டர் கேஜ் வண்டியை நிறுத்தினார்கள். பழைய தண்டவாளத்தைப் பெயர்த்தால்தான் புதுசு போட முடியும். 2023 ஜூனில் போடிக்கு மறுபடியும் ரயில் வந்தது. வடிவமாற்றம் என்றாலே அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள்: புதுசு வந்ததும் பழசைக் கழித்துவிடலாம். வீடியோவில் அந்தக் கட்டாயம் கிடையாது. உத்தமபாளையத்துப் பாறையில் நம் ஆட்கள் காட்டிய வழியே போதும்.

அதனால் கடையில் ஒரு முறை வைத்திருக்கிறேன். டிஸ்க் கொண்டுவருபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். பென்டிரைவில் இரண்டு ஃபோல்டர் இருக்கும். ஒன்றில் அவர்கள் கேட்டபடி தொகுத்தது, அது எதைப் பற்றியதோ அந்தப் பெயரோடு. இன்னொன்றில் டிஸ்கில் இருந்தது வெட்டாமல், நிறம் திருத்தாமல், பாட்டோடு அப்படியே. அவர்களுக்குத் தெரியாமல் நான் ஒரு காப்பி வைத்துக்கொள்வதில்லை. அது திருட்டு, எந்தத் தத்துவத்தாலும் அதை நியாயப்படுத்த முடியாது. இரண்டாவது ஃபோல்டரைத் திறப்பதும், திறக்காமல் பீரோவில் பூட்டி வைப்பதும், ஒருநாள் தாங்களே அழிப்பதும் அவர்கள் பொறுப்பு. அந்த முடிவை என் மவுஸ் எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். மாப்பிள்ளை இல்லாத கல்யாணம் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களை மட்டும் வேறு கடை பார்க்கச் சொல்லிவிடுகிறேன்.